பல நகரங்களா, ஒரே பெருநகரமா: தமிழ்நாட்டின் நகர அமைப்பும் நீடித்த வளர்ச்சியும்

கேள்வி: ஒரு வட்டாரத்தின் மக்கள் ஒரே பெருநகரத்தில் குவிந்திருப்பது சுற்றுச்சூழலுக்கு நல்லதா, பல நடுத்தர நகரங்களில் பரவியிருப்பது நல்லதா? தமிழ்நாடு இரண்டாவது வகை என்கிறார்கள். அப்படியானால் நம் வளர்ச்சி நீடித்து நிற்குமா?

பதில்:

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பரவிய அமைப்பு நமக்கு வாய்த்த பெரிய நன்மை. ஆனால் அது தானாகப் பலன் தராது. நகரங்களுக்கு நடுவே ஓடும் ஆறு, அவற்றை இணைக்கும் பேருந்து, இடையில் கிடக்கும் வயல் ஆகிய மூன்றுக்கும் பொறுப்பாளி இருந்தால் பல நகர அமைப்பு நன்றாக வேலை செய்யும். பொறுப்பாளி இல்லையென்றால் ஒரே பெருநகரம் செய்யும் அதே கேட்டை, பத்து இடங்களில் பிரித்துச் செய்யும். தமிழ்நாட்டில் இரண்டும் நடந்திருக்கிறது.

எண்களைப் பார்ப்போம். நம் கையில் இருக்கும் கடைசி முழுக் கணக்கெடுப்பு 2011இல் எடுத்தது. அதன்படி மாநிலத்தின் 7.21 கோடி பேரில் 3.49 கோடி பேர், அதாவது 48.4 விழுக்காட்டினர், நகரங்களில் இருந்தார்கள். அகில இந்திய அளவு 31 விழுக்காடுதான். சென்னையும் அதை ஒட்டிய பகுதியும் சேர்ந்து சுமார் 87 லட்சம். நகர மக்கள்தொகையில் இது கால் பங்கு. அடுத்து கோவை 21 லட்சம், மதுரை ஏறத்தாழ 15 லட்சம், திருச்சி 10 லட்சம், திருப்பூரும் சேலமும் தலா 9 லட்சத்துக்கு மேல். அதற்கும் அடுத்த வரிசையில் ஈரோடு, திருநெல்வேலி, வேலூர் மூன்றும் 5 லட்சத்தை ஒட்டி நின்றன.

இன்றைய தெலங்கானாவின் எல்லைக்குள் அதே கணக்கைப் போட்டால், நகர மக்களில் பாதிக்கு மேல் ஐதராபாத்தில் இருக்கிறார்கள். இரண்டாவது நகரமான வாரங்கல், ஐதராபாத்தில் பத்தில் ஒரு பங்கு. கர்நாடகத்தில் பெங்களூரு 85 லட்சம், மைசூரு 10 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. சென்னைக்கும் கோவைக்கும் உள்ள இடைவெளி நான்கு மடங்குதான். பெரிய தென்மாநிலங்களில் தமிழ்நாட்டின் படிக்கட்டு சீராக இறங்குகிறது என்று சொல்வது இதனால்தான். கேரளம் வேறு கதை. அங்கே ஊரும் நகரமும் பிரிக்க முடியாதபடி தொடர்ந்து கிடக்கின்றன. கணக்கெடுப்பில் மட்டும் நகரம் என்று குறிக்கப்பட்டு, ஆட்சி முறையில் கிராமப் பஞ்சாயத்தாகவே இருக்கும் இடங்கள் 2001க்கும் 2011க்கும் நடுவே அங்கே 99இலிருந்து 461 ஆகின. தமிழ்நாட்டிலும் அப்படிப்பட்ட இடங்கள் 111இலிருந்து 376 ஆகியிருக்கின்றன. இந்த எண்ணைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்படி ஓர் அமைப்பு எப்படி வந்தது? யாரும் வரைபடம் போட்டுக் கொண்டுவந்தது இல்லை. கொங்குப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். கரிசல் மண்ணில் பருத்தி, வானம் பார்க்காமல் கிணற்றை நம்பிய விவசாயம், ஊருக்கு ஊர் வாரச் சந்தை. 1860களில் ஈரோடு, திருப்பூர், போத்தனூர் வழியாக ரயில் பாதை வந்தது. 1888இல் கோவையில் முதல் நூற்பாலை. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் மலையிலிருந்து இறங்கியதும் ஆலைகள் மளமளவென்று பெருகின. மின்சாரம் ஊர் ஊராகப் போனது, கூடவே தொழிலும் போனது. கிணற்றுக்கு மோட்டார் தேவைப்பட்டது, அதைச் செய்ய வார்ப்படப் பட்டறை வந்தது, பட்டறையிலிருந்து எந்திரத் தொழில் வந்தது. திருப்பூருக்கு பனியன், கரூருக்கு வீட்டு உபயோகத் துணியும் பேருந்துக் கூண்டு கட்டுவதும், நாமக்கல்லுக்கு லாரியும் கோழிப்பண்ணையும், திருச்செங்கோட்டுக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி, சோமனூர் பல்லடத்துக்கு விசைத்தறி. ஐம்பது அறுபது கிலோமீட்டருக்கு ஒரு நகரம், ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழில்.

இதில் கிடைத்த நன்மை சாதாரணமானதல்ல. வேலைக்காகக் குடும்பம் முழுவதும் இடம்பெயர வேண்டியதில்லை. சொந்த வீட்டில் இருந்துகொண்டு பதினைந்து இருபது கிலோமீட்டர் போய்வரலாம். பெருநகர வாடகை கிடையாது, குடிசைப் பகுதி பெருகும் அழுத்தம் குறைவு. ஒரு தொழில் படுத்தால் வட்டாரமே படுத்துவிடாது. குடிநீருக்கும் ஒரே ஏரிக் கூட்டத்தை நம்பிக் கோடிப் பேர் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

குவிந்த நகரத்துக்காகப் பேசுகிறவர்களின் வாதத்திலும் உண்மை இருக்கிறது. அடர்த்தியாக இருந்தால் ஒரு வீட்டுக்கு ஆகும் குழாயின் நீளம் குறைகிறது. பாதாளச் சாக்கடை கட்டுப்படியாகிறது. மெட்ரோ ரயிலுக்குப் போதுமான கூட்டம் சேர்கிறது. நிலத்தைக் குறைவாகத் தின்கிறது. சிறு நகரங்கள் இங்கேதான் தோற்கின்றன. தமிழ்நாட்டில் இருக்கும் சுமார் 490 பேரூராட்சிகளில் பெரும்பாலானவற்றில் இன்றும் பாதாளச் சாக்கடை இல்லை, வீட்டுக்கு வீடு கழிவுத் தொட்டிதான். ஒவ்வொரு பேரூராட்சியும் தனக்கென்று சுத்திகரிப்பு நிலையம், குப்பைக் கிடங்கு, நகரமைப்பு அலுவலர் என்று வைத்துக்கொள்ள வரி வருமானம் போதாது. பரவியிருப்பதன் விலை இது.

ஆனால் என் கருத்தில் அதைவிடப் பெரிய விலையைக் கொடுத்தது நொய்யல்தான்.

நொய்யல் வெள்ளியங்கிரி மலைப்பக்கம் பிறந்து, கோவையின் குளங்களை நிரப்பி, திருப்பூரின் நடுவே ஓடி, கரூர் மாவட்டத்தில் அதே பெயர் கொண்ட ஊருக்கு அருகே காவிரியில் சேர்கிறது. பல நகரங்கள் கொண்ட ஒரு வட்டாரத்துக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. ஏனென்றால் மேலே இருக்கும் நகரத்தின் கழிவுதான் கீழே இருக்கும் நகரத்தின் நீர். 1980களில் திருப்பூரின் ஏற்றுமதி வேகமெடுத்தபோது சாயப்பட்டறைகளும் பெருகின. சாயமேற்ற நல்ல தண்ணீர் வேண்டும். அதைச் சுற்றுவட்டாரக் கிராமங்களின் கிணறுகளிலிருந்து லாரி லாரியாக விலைக்கு வாங்கினார்கள். பயன்படுத்திய உப்பு நீர் ஆற்றுக்குப் போனது. பிறகு பவானி அருகே காவிரியிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். நீர் வரும் வழியைப் பற்றி யோசித்தவர்கள், அது வெளியேறும் வழியை வெகுகாலம் யோசிக்கவில்லை.

சென்னிமலைக்கும் காங்கயத்துக்கும் இடைப்பட்ட ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காகக் கட்டிய அணை 1992இல் முடிந்தது. சில ஆண்டுகளிலேயே அது சாயக் கழிவின் தொட்டியாகிவிட்டது. அணையை ஒட்டிய ஊர்க்காரர்கள் தண்ணீரைத் தேக்காதே என்றார்கள், கீழே கரூர்ப் பக்கத்து விவசாயிகள் திறந்துவிடாதே என்றார்கள். தேக்கவும் முடியாமல் திறக்கவும் முடியாமல் ஓர் அணை. கிணறுகள் உப்பாகின, தென்னை கருகியது, மாடு குடிக்கத் தண்ணீர் இல்லை. ஆற்றுப் பாசனத்தை நம்பிய ஆயக்கட்டு விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்தில் நின்ற பிறகு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்ற முறைக்குத் திருப்பூர் மாறியது அதற்குப் பிறகுதான். சவ்வு வழியாக நீரைப் பிரித்து, மிஞ்சிய உப்புக் கரைசலைக் காய்ச்சி, உப்பையும் மீட்டு மறுபடி பயன்படுத்துகிறார்கள். உழைத்து எட்டிய சாதனைதான். ஆனால் மின்சாரமும் விறகும் நிறையத் தின்னும் முறை. செலவு தாங்காத பட்டறைகளில் சில, கண்காணிப்பு குறைந்த வேறு ஆற்றோரங்களுக்குப் பறந்தன.

இதில் குற்றவாளி யார் என்று கேட்டால் பட்டறைக்காரர்கள் என்று சொல்லி முடித்துவிடலாம். அது பாதி உண்மை. மீதிப் பாதி அமைப்பில் இருக்கிறது. கோவை ஒரு மாநகராட்சி, திருப்பூர் அன்று ஒரு நகராட்சி, சுற்றிலும் டஜன் கணக்கில் பேரூராட்சிகள், கிராமப் பஞ்சாயத்துகள், அணை இருக்கும் இடம் வேறு மாவட்டம், வயல் இன்னொரு மாவட்டம். ஆறு முழுவதையும் ஒரே பார்வையில் பார்த்து, இங்கே இத்தனை பட்டறைதான் தாங்கும் என்று சொல்லும் அதிகாரம் கொண்ட வட்டார அமைப்பு ஒன்று இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வொரு ஆலையாகத்தான் பார்க்கும். ஆறு எவ்வளவு தாங்கும் என்ற கேள்வி எந்த அலுவலகத்தின் மேசைக்கும் வரவில்லை. கடைசியில் நீதிமன்றம்தான் வட்டாரத் திட்டக்காரராக வேலை பார்த்தது, அதுவும் இருபது ஆண்டுச் சேதத்துக்குப் பிறகு.

சரி, பல நகர அமைப்பின் சிக்கல் இது என்றால், சென்னையின் நிலை என்ன? அங்கே வேறு வடிவத்தில் அதே குறை. சென்னை மாநகராட்சியின் பரப்பு 2011இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. மாநகராட்சியைத் தாண்டிய பெருநகரத் திட்டப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது, 2022இல் 5,904 ஆக விரிக்கப்பட்டது. நகரம் உண்மையில் வளர்ந்து முடித்த இடத்துக்கு எல்லைக்கோடு பின்னால் ஓடிப்போய்ச் சேர்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மோசமாக மூழ்கிய முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற இடங்கள் அப்போது கிராமப் பஞ்சாயத்துகள். அடையாற்றின் வெள்ளச் சமவெளியில் மனை போடலாமா கூடாதா என்பதை மேலிருந்து ஆற்றோடு சேர்த்துப் பார்த்தவர் இல்லை. தாம்பரம் மாநகராட்சி ஆனதே 2021இல்தான்.

தண்ணீரையும் பாருங்கள். 1996இலிருந்து கிருஷ்ணா நீர், 2004இலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து வீராணம் ஏரி நீர், அப்புறம் மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள். இத்தனைக்குப் பிறகும் 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு நகரம் தன் சுற்றுவட்டாரம் தாங்கும் அளவை மீறினால், அது பக்கத்து வட்டாரத்தின் ஏரியைக் கடன் கேட்கும். கொடுப்பவரும் விவசாயிதான். இடையில் தன் சொந்த ஈரநிலத்தை என்ன செய்தது? பள்ளிக்கரணைச் சதுப்பின் பெரும்பகுதி கட்டடத்துக்கும் குப்பைக்கும் போய்ச் சேர்ந்தது. மிச்சத்தில் சுமார் 1,248 ஹெக்டேர் 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் கொண்ட ஈரநிலங்களின் பட்டியலில், ஏறியிருக்கிறது.

இந்தச் சதுப்பை ஒட்டித்தான் பழைய மகாபலிபுரம் சாலை போகிறது. டைடல் பார்க் என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்கா 2000இல் திறந்தது. அடுத்த பத்தாண்டுகளில் சிறுசேரி வரை கண்ணாடிக் கட்டடங்கள் வரிசை கட்டின. பறக்கும் ரயில் அந்தச் சாலையின் தொடக்கத்தைத் தொட்டுவிட்டு வேளச்சேரிப் பக்கம் திரும்பிவிட்டது. அந்தச் சாலை நெடுகப் போகும் மெட்ரோ பாதைக்கு இப்போதுதான் தூண் நிற்கிறது. கால் நூற்றாண்டு காலம் லட்சக்கணக்கானவர்கள் காரிலும் பைக்கிலும் கம்பெனி பஸ்ஸிலும் போகப் பழகிய பிறகு ரயில் வருகிறது. பழகிப்போன பயணத்தை மாற்றுவது எளிதல்ல.

இதற்கு நேர்மாறான உதாரணம் டென்மார்க்கின் கோபன்ஹேகன். 1947இல் அங்கே ஒரு திட்டம் போட்டார்கள். நகரம் உள்ளங்கை, அதிலிருந்து ஐந்து விரல்போல ஐந்து ரயில் பாதைகள், வீடும் வேலையும் அந்த விரல்களின் மேலேயே வரவேண்டும், விரலிடைகளில் வயலும் காடும் இருக்கவேண்டும். இது அழகான படமாக மட்டும் நின்றுவிடவில்லை. பின்னாளில் விதியாக இறுகியது: 1,500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய அலுவலகம் கட்டினால், பொதுவாக அது ரயில் நிலையத்திலிருந்து 600 மீட்டருக்குள் இருக்கவேண்டும். ஒரே ஒரு விதி. ஆனால் அது கட்டடத்தின் இடத்தையும் பயணத்தின் வகையையும் சேர்த்துத் தீர்மானிக்கிறது. சிறுசேரிக்கு அப்படியொரு விதி 1998இல் இருந்திருந்தால் இன்று அந்தச் சாலை வேறு மாதிரி இருந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நெதர்லாந்தையும் இங்கே சொல்லவேண்டும், ஏனென்றால் அதன் அமைப்பு நம் கொங்குக்கு நெருக்கமானது. ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம், தி ஹேக், உத்ரெக்ட் என நான்கு நகரங்கள் வளையமாக நிற்க, நடுவில் பச்சை இதயம் என்று அவர்கள் சொல்லும் மேய்ச்சல் நிலம். இந்த நடுநிலத்தைக் காப்பது தேசியக் கொள்கையாகவே பல பத்தாண்டுகள் இருந்தது. நகரங்களுக்கிடையே அடிக்கடி ரயில் ஓடும். அங்கும் ஓரங்கள் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கப்படுகின்றன, குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் நடுநிலம் என்ற ஒன்று அவர்கள் வரைபடத்தில் இருக்கிறது.

நம் வரைபடத்தில் அது இல்லை. கோவையிலிருந்து திருப்பூருக்கு அவிநாசி சாலையில் போனால் எந்த இடத்தில் ஒரு நகரம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று சொல்லமுடியாது. முன்னே நான் சொன்ன 376 இடங்கள் இப்படித்தான் உருவாகின்றன: வேலையாலும் நெருக்கத்தாலும் நகரம், ஆட்சியில் கிராமம். சாக்கடைக்கும் குப்பைக்கும் கிராமத்து நிதி, மனை விற்பனைக்கு நகரத்து விலை. பஞ்சாயத்து அப்ரூவல் என்று சொல்லி விற்ற மனைப்பிரிவுகள் எத்தனை ஆயிரம்! விளைநிலத்தை இப்படித் துண்டு போடுவதைப் பார்த்து 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப்பதிவையே நிறுத்தியது. 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. மறுபடியும் நீதிமன்றம்தான் திட்டக்காரர். எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் கோவையின் முழுமைத் திட்டமோ (மாஸ்டர் பிளான்) 1994இல் வந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அதை வைத்தே ஓட்டினார்கள்.

பரவிய அமைப்பு இத்தனை காலம் தாங்கியதற்கு முக்கியக் காரணம் பேருந்து என்று நினைக்கிறேன். 1970களில் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் வந்தபின் கிராமத்துக்கும் டவுனுக்கும் வண்டி ஓடியது. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சமூக நலத் திட்டமாகத்தான் இதைப் பேசுகிறோம். வட்டார அமைப்பின் கண்ணில் பார்த்தால் இது அதற்கும் மேல்: இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மில்லுக்கோ கல்லூரிக்கோ ஒரு பெண் ஊரைவிட்டுக் குடிபெயராமல் போய்வர முடிகிறது. ஆனால் வேலை இடங்கள் புறவழிச்சாலைக்கு நகர்ந்துவிட்டன, பேருந்து இன்னும் பழைய பேருந்து நிலையத்துக்கே போகிறது. இரவு ஷிப்ட் முடிந்து வருபவருக்கு வண்டி கிடையாது. அவர் கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் பைக் வாங்குகிறார். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ் காஞ்சிபுரத்தையும் திருவண்ணாமலையையும் தாண்டிப் போய் ஆள் ஏற்றி வருகிறது. அந்தத் தொழிலாளிக்குப் பயணம் இருக்கிறது, அவர் ஊருக்குப் பேருந்து கூடவில்லை.

நம்பிக்கை தரும் விஷயங்களும் உண்டு. ஊர் எல்லையைத் தாண்டி வேலை செய்ய நமக்குத் தெரியும் என்பதற்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களே சாட்சி. ஒகேனக்கல், ராமநாதபுரம் போன்ற திட்டங்களில் ஒரே நீர் ஆதாரத்திலிருந்து நகராட்சி, பேரூராட்சி, குக்கிராமம் எல்லாம் குடிக்கின்றன. கழிவிலும் இப்போது அதே வழி தொடங்கியிருக்கிறது. கழிவுத் தொட்டிகளைக் காலி செய்யும் லாரிகள் அருகிலுள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும்படி ஊர்களைக் கூட்டாகப் பிரிக்கிறார்கள். செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியிலும் கோவை அருகே பெரியநாயக்கன்பாளையத்திலும் இதற்கென்றே சிறு நிலையங்கள் இயங்குகின்றன. ஊருக்கு ஊர் பாதாளச் சாக்கடை கட்டக் காத்திருந்தால் ஒரு தலைமுறை போய்விடும். பத்து சிறு ஊர்கள் சேர்ந்து ஒரு நடுத்தர நகரத்தின் வசதியைப் பெறும் இந்த வழிதான் பரவிய அமைப்புக்குப் பொருத்தமானது.

ஆகவே தமிழ்நாட்டுக்கு இன்னும் பல நகரங்கள் வேண்டுமா என்று கேட்டால், வேலையைப் பரப்புவதை நான் முழு மனத்தோடு ஆதரிப்பேன். விழுப்புரம், தஞ்சாவூர், சேலத்தில் சிறிய டைடல் பூங்காக்கள் திறந்தது சரியான திசை. ஆனால் ஒவ்வொன்றையும் ஊருக்கு வெளியே பைபாஸில் வைத்தால் பழைய மகாபலிபுரம் சாலையைப் பல ஊரில் நட்டது போலாகும். ரயில் நிலையமோ பேருந்து நிலையமோ நடந்துபோகும் தொலைவில் இருக்கவேண்டும். கணக்கெடுப்பில் மட்டும் நகரமாக இருக்கும் இடங்களுக்கு நகரத்துக்குரிய நிதியும் ஆளும் தரவேண்டும். தொழிலுக்கு அனுமதி தரும்போது ஆற்றின் தாங்குதிறனை, மாவட்ட எல்லையைப் பார்க்காமல், மேலிருந்து கீழ்வரை ஒரே கணக்காகப் போடவேண்டும். இதற்குப் புதுச் சட்டம்கூட முதலில் தேவையில்லை. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்திலேயே வட்டாரத் திட்டத்துக்கு இடம் இருக்கிறது. அரை நூற்றாண்டாக அதிகம் தொடப்படாமல் கிடந்த அந்தப் பகுதியை இப்போதுதான் கையில் எடுத்திருக்கிறார்கள்.

நீங்கள் எந்த ஊர் என்று எழுதவில்லை. எந்த ஊராக இருந்தாலும், வரைவு முழுமைத் திட்டம் வெளியானதும் ஆட்சேபமும் ஆலோசனையும் சொல்ல மக்களுக்கு இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் தரவேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. வரைபடத்தை வாங்கி, உங்கள் தெருவைத் தேடுவதற்கு முன் ஊருக்கு வெளியே பாருங்கள்: வாய்க்காலும் ஏரியின் உபரிநீர் வழியும் பக்கத்து ஊர்வரை தொடர்ந்து குறிக்கப்பட்டிருக்கின்றனவா, புதிய தொழில் மண்டலத்துக்கு அருகே பேருந்தோ ரயிலோ போகிறதா, இரண்டு ஊர்களுக்கு நடுவில் இருக்கும் வயல் எந்த நிறத்தில் இருக்கிறது என்று. விடுபட்டிருந்தால் புல எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் மனு கொடுங்கள்.